மரத்த கையின் பேச்சு

பியூலா பின்னால் நின்று பூங்கோதையின் தலையைச் சற்று வலப்பக்கம் சாய்த்து, உச்சியில் இரண்டு கைகளையும் கோத்து வைத்து மெல்லக் கீழே அழுத்தினாள். எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் பியூலாவின் உதடுகள் அசைந்தன, மரப்பு கைக்கு எறங்குதாக்கா? பூங்கோதைக்குக் காது கேட்காது, பிறந்ததிலிருந்தே கேட்காது, ஆனால் உதடு தெரியும். இந்தப் பெண்ணுக்குச் சின்ன உதடு, சொல்லைப் பாதியில் விழுங்கிவிடுகிற உதடு, இருந்தாலும் கேள்வி புரிந்தது. பதில் சொல்லக் கையைத் தூக்குவதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து கூடப்பிறந்த கலாமணி அக்கா சொல்லிவிட்டாள், இல்லீங், எறங்கலீங். அவளுக்கு எப்படித் தெரியும்? என் கழுத்துக்குள்ளே குடியிருக்கிறாளா? உண்மையில் இறங்கவில்லைதான், கழுத்தில் ஒரு பாரம், அவ்வளவுதான், தோளைத் தாண்டி எதுவும் போகவில்லை, அக்கா சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். ஹோட்டலுக்குப் போனால் சர்வர் வந்து நிற்கும்போதே இவளுக்கும் சேர்த்து ஊத்தப்பம் சொல்லிவிடுவாள், இவளுக்கு ஊத்தப்பம் பிடிக்கும், பிடிக்கும் என்பதாலேயே சண்டை போட முடியாது, இத்தனை வருஷமாக அப்படியே ஊத்தப்பம் தின்றாயிற்று. தலையை இடப்பக்கம் சாய்த்து மறுபடி அழுத்தல். சாயிபாபா காலனியில் மாடி மேல் இருக்கிற இந்த மசாஜ் நிலையத்துக்கு வந்ததே அக்காவின் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிற ஒரு அம்மாள் சொல்லித்தான். எண்ணெய் போட்டு நாலு தேய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று அக்கா நினைத்திருந்தாள். இந்தப் பெண் என்னவென்றால் எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவே இல்லை. மரத்துப்போவது நரம்பு எங்கேயோ நசுங்குவதால், கழுத்திலா, தோளிலா, முழங்கையிலா, மணிக்கட்டிலா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன், தெரியாமல் அமுக்கினால் இன்னும் கெட்டுப்போகும் என்றாளாம். அக்கா அதைக் கையால் மொழிபெயர்த்தபோது சலிப்பையும் சேர்த்தே மொழிபெயர்த்தாள். பூங்கோதைக்கு மட்டும் அது பிடித்திருந்தது. எங்கே என்று கேட்கிற ஆள். யாரும் அவளிடம் எங்கே என்று கேட்டதில்லை, எல்லோருக்கும் காது என்று முன்கூட்டியே தெரியும். ராத்திரி கை மரத்து முழிப்பு வருதா, உதறுவீங்களா, என்று இப்போது முன்னால் வந்து, உதறியும் காட்டி, அவள் கேட்டாள். வருகிறது என்று பூங்கோதை தலையாட்டினாள். நாலு மாதமாக வருகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவல் வாங்கி ஒட்டவைத்தது போல் கிடக்க, எழுந்து உட்கார்ந்து உதறுவாள். பக்கத்தில் படுத்திருக்கிற புருஷன் ஆறுமுகத்துக்கும் காது கேட்காது, படுக்கை ஆடி விழித்துக்கொள்வான், ஜன்னல் வழியாக வருகிற தெருவிளக்கு வெளிச்சத்தில் இவள் கைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, என்ன சொல்றே, புரியலை, மறுபடி சொல்லு என்பான். நான் ஒண்ணும் சொல்லலை, கை மரத்திருச்சு. ஓ, நான் என்னமோ புது பாஷைன்னு நெனச்சேன். முதல் மாதம் இருவரும் சிரித்தார்கள். போன மாதத்திலிருந்து அவன் சிரிப்பதில்லை.

கழுத்து இல்லை என்று பியூலா கையை விரித்துக் காட்டினாள். அடுத்து ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்துக்கொண்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பூங்கோதையின் வலது கையைத் தன் மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கோங்க என்றாள். தன் கண்ணையும் ஒருமுறை மூடித் திறந்து காட்டினாள். எந்த விரலில் பஞ்சு படுகிறது என்று பார்க்காமல் சொல்ல வேண்டுமாம். பூங்கோதை மூடவில்லை. மூடுங்கக்கா. மூடவில்லை. மூடு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க, என்றது அக்காவின் கை. ஒன்றும் பண்ண மாட்டார்கள் என்று இவளுக்கும் தெரியும். கண்ணை மூடினால் மற்றவர்களுக்கு இருட்டு, அவ்வளவுதான், அறையில் மின்விசிறி ஓடுவது தெரியும், பக்கத்தில் யார் இருமுகிறார்கள் என்று தெரியும், தெருவில் வண்டி போவது தெரியும். இவள் மூடினால் அறையே காலியாகிவிடும். அக்கா காலி, இந்தப் பெண் காலி, மிஞ்சுவது ஒரு நாற்காலியும் அதன்மேல் ஒரு முதுகும்தான். யாரோ ஒருத்தர் மடியில் தன் கை, அதுவும் பாதி மரத்த கை. சின்ன வயதில் தடுப்பூசிக்குப் பிடித்துக்கொண்டு போனபோது நர்ஸ் பின்னாலிருந்து கண்ணைப் பொத்தினாள், குழந்தை பயப்படாமல் இருப்பதற்காகத்தான். பூங்கோதை அந்தக் கையைக் கடித்துவிட்டாள், ரத்தம் வந்தது, அப்பா அறைந்தார். இன்னமும் அந்தக் கடியில் அவளுக்கு வருத்தமில்லை. மூட மாட்டேன் என்று நேராக பியூலாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அக்கா என்னவோ மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு பேச ஆரம்பித்தாள், அவ கொஞ்சம் அப்படித்தானுங், பிடிவாதமுங். பியூலா அக்காவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள், எழுந்து போய் ஒரு துவாலையை எடுத்துவந்து, பூங்கோதையின் கைக்கும் கண்ணுக்கும் நடுவே ஸ்டாண்டில் திரைபோலத் தொங்கவிட்டாள். கை தெரியாது, ஆனால் முகம் தெரியும், அறை தெரியும், எல்லோரும் அவரவர் இடத்தில் இருப்பது தெரியும். இது எவ்வளவு சின்ன விஷயம், ஒரு துவாலை. பஞ்சு சுண்டுவிரலில் பட்டது, இடது கையால் சுண்டுவிரலைக் காட்டினாள், சரி. மோதிரவிரலின் வெளிப்பக்கம், சரி. அப்புறம் வெகுநேரம் எதுவும் படவில்லை. இந்தப் பெண் ஏன் தொடாமல் இருக்கிறாள் என்று காத்துக்கொண்டிருந்தாள். பியூலாவின் தோள் மெதுவாக அசைந்துகொண்டே இருந்தது. அக்கா திரைக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகம் மாறிக்கொண்டே போயிற்று. அப்போதுதான் புரிந்தது, தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அப்படியென்றால் இவ்வளவு போய்விட்டது. நடுவிரல் போனால் என்ன, மற்றவர்களுக்கு ஒரு நடுவிரல். இவளுக்கு அது நாக்கின் நுனி. போன ஞாயிற்றுக்கிழமை பூங்காவில், வாராவாரம் காது கேளாதவர்கள் எல்லாம் கூடுகிற அந்த வேப்பமரத்து பெஞ்சில், பஸ் கண்டக்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கதை சொன்னால் வட்டம் கூடிவிடும், பின்னால் நிற்கிறவர்கள் பெஞ்சுமேல் ஏறி நின்று பார்ப்பார்கள், கண்டக்டரின் தொப்பையை ஒரு கையிலும் அவன் விசிலை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸையே ஓட்டிவிடுவாள். அன்றைக்கு முக்கியமான இடத்தில் விரல் சரியாக மடங்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், என்ன, என்ன, என்று புருவத்தைத் தூக்கினாள். திரும்பச் சொன்னாள். திரும்பச் சொன்ன சிரிப்புக்கு என்ன ருசி? குழறுகிறது. கை குழறுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் ஆறுமுகத்திடம், நான் கிழவியாகிவிட்டேனா என்று கேட்டாள், அவன் இல்லை என்றான், கொஞ்சம் தாமதமாகச் சொன்னான். இந்த விரல்களும் போய்விட்டால் அப்புறம் நான் எதனால் திட்டுவேன், எதனால் கொஞ்சுவேன், ஆறுமுகத்தின் உள்ளங்கையில் இருட்டில் எழுதுவேனே அதை எதனால் எழுதுவேன், எல்லாம் உள்ளேயே கிடந்து புளித்துப்போகுமா? போகாது. முழங்கையால் பேசுவேன். தோளால் பேசுவேன். பல்லால் கடித்தாவது பேசுவேன். பியூலா திரையை விலக்கிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் நடுவில், கண்ணாடி வளையலைச் சற்று மேலே தள்ளிவிட்டு, விரல் நுனியால் தட்டினாள். கதவைத் தட்டுவது போல், டக், டக், டக். மூன்றாவது தட்டில் கரண்ட் பாய்ந்தது, உள்ளங்கை வழியாக ஓடி நடுவிரல் நுனியில் போய் வெடித்தது. பூங்கோதை கையை இழுத்துக்கொண்டாள். வலித்தது. வலித்ததும் ஒரு சந்தோஷம், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அத்தனை நேரம் பஞ்சு தொட்டும் தெரியாத விரலில் இப்போது யாரோ உள்ளிருந்து கதவைத் திரும்பத் தட்டியது போல். இருக்கிறது. நசுங்கிக் கிடக்கிறது, ஆனால் இருக்கிறது. இன்னொரு முறை தட்டு என்று தானே கையை நீட்டினாள். பியூலா சிரித்துவிட்டாள்.

அப்புறம்தான் அந்தச் சோதனை. பியூலா தன் இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் எல்லாம் தரையைப் பார்க்க, முழங்கைகளை இரண்டு பக்கமும் தூக்கி நிறுத்திக் காட்டினாள். தலைகீழாகப் போட்ட கும்பிடு. இப்படியே ஒரு நிமிஷம் வெச்சிருக்கணும், எப்ப மரக்க ஆரம்பிக்குதோ அப்ப சொல்லணும். சொல்லணும் என்றாள். பூங்கோதை புறங்கைகளை ஒட்டினாள், மணிக்கட்டு இரண்டும் மடங்கின, பியூலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எதனால் சொல்வது? இரண்டு கையும் இங்கே மாட்டிக்கொண்டிருக்கின்றன. கேட்கிறவர்களுக்கு இது தெரியாது, அவர்களுக்குக் கை வேறு, வாய் வேறு, கையைக் கட்டிப்போட்டுவிட்டு வாயைக் கேள்வி கேட்பார்கள். சின்ன வயதில் படித்த காது கேளாதோர் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் உட்காரவைத்தார்கள். கையைத் தொடைக்கு அடியில் வை, அதன்மேல் உட்கார், இப்போது சொல், பா, பா, பா. உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்திருப்பார்கள், பா சொன்னால் அது ஆட வேண்டும். அவள் நன்றாகவே ஆட்டினாள், காற்று அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் காகிதம் ஆடுவதற்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? மீசையை முறுக்கினால் அப்பா, மூக்குத்தியைத் தொட்டால் அம்மா, இது எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும், யாரும் சொல்லித்தராமலே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கற்றுக்கொண்டது. கையில் பேசினால் வாய்ப் பேச்சு வராது என்று ஸ்கேல் அடி புறங்கையில் விழும். அவர்களும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். எல்லோரும் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். தொடைக்கு அடியில் கிடந்து கிடந்து கை மரத்துப்போகும், மணி அடித்ததும் எல்லாக் குழந்தைகளும் கையை உதறிக்கொண்டே ஓடும், உதறி உதறி ரத்தம் வந்ததும் பேச்சு பீறிட்டுக்கொண்டு வரும், தொட்டிக்குப் பின்னால் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் கத்தும். இப்போது கட்டைவிரலில் எறும்பு. ஆள்காட்டியில். ஆரம்பித்துவிட்டது. சொல்ல வேண்டும். பியூலா கடிகாரத்தையே பார்க்கிறாள். பூங்கோதை அக்காவைப் பார்த்தாள், புருவத்தைத் தூக்கினாள், ஆரம்பிச்சிருச்சு என்று கண்ணால் சொல்ல முயன்றாள். கண்ணாடியில் பியூலா அக்காவிடம் ஏதோ கேட்பதும் அக்கா சிரித்த முகமாய்ப் பதில் சொல்வதும் தெரிந்தது. இல்லீங், அவளுக்கு ஒண்ணும் தெரியலீங், நல்லாத்தான் இருக்காளுங். எறும்புகள் நடுவிரலுக்கு வந்துவிட்டன, எறும்புகள் போய் ஊசிகள், ஊசிகள் போய் ஒன்றுமில்லாத ஒரு கனம். நான் நன்றாக இருக்கிறேனா? யார் சொன்னது? நான் சொன்னேனா? நான் சொல்லாததை நான் சொன்னதாக அக்கா எத்தனை சொல்லியிருப்பாள், பெண் பார்க்க வந்தவர்களிடம், பாங்க்கில், அம்மா செத்த அன்றைக்கு வந்தவர்களிடம், அவ தாங்கிக்குவாளுங், அவளுக்கு அவ்வளவு தெரியாதுங். எனக்கு அவ்வளவு தெரியும் அக்கா. பூங்கோதை புறங்கைகளைப் பிரித்தாள். வலது கையை நேராக பியூலாவின் கடிகாரத்துக்கு முன்னால் கொண்டுபோய், மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டி, அப்புறம் கடிகார முள்ளில் அது தொடங்கிய இடத்தையும் காட்டினாள். பியூலா அவளைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். இனிமே அவங்களே சொல்லட்டும், என்றாள். உதடு நன்றாகத் திறந்து சொன்னாள், அதனால் முழுசாகப் புரிந்தது.

மணிக்கட்டில்தான் நசுங்குகிறது. முன்கைத் தசையெல்லாம் கல்லாய் இறுகிக் கிடக்கிறது, அதை இளக்கிவிடலாம், ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் பட்டை போட்டுப் படுக்க வேண்டும், உணர்ச்சி இவ்வளவு குறைந்திருப்பதால் ஒரு நரம்பு டாக்டரிடமும் கட்டாயம் காட்ட வேண்டும், அது தன் வேலை இல்லை. இதெல்லாம் அக்காவின் கை வழியாக வந்தது. அப்புறம் பியூலா ஏதோ சொல்ல அக்காவின் கை நின்றுவிட்டது. என்ன, என்றாள் பூங்கோதை. கைக்கு ஓய்வு வேணுமாம். ஒண்ணரை மாசம். பாதியாவது குறைக்கணுமாம். சொல்லிவிட்டு அக்கா பியூலாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள், வேகமாகப் பேசினாள், ஆனால் கண்ணாடி இருக்கிறதே. அதுக்கென்னங், குறைச்சுக்கலாமுங். நாளெல்லாம் கையை ஆட்டிப் பேசிட்டே இருக்கறாளுங், அதுதானுங் வெனை. கொஞ்ச நாளைக்குப் பேச்சைக் குறைச்சுக்கச் சொல்றேனுங். வேற என்ன வேலை செய்றாங்க, என்றாள் பியூலா. தையல்ல எனக்குக் கொஞ்சம் ஒத்தாசைங், வேறொண்ணுமில்லீங். பூங்கோதைக்கு முதலில் கோபம் வரவில்லை, வியப்புத்தான் வந்தது. ஒத்தாசை. அக்காவின் கடைக்கு வெளியே தொங்குகிற கல்யாண ரவிக்கைகளில் மயில் கழுத்தைத் திருப்பி நிற்கிறதே, தாமரை இதழிதழாக விரிகிறதே, அது ஒத்தாசையா? தை மாசம் முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்ட வேலை அலமாரி நிறையக் கிடக்கிறது, அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள், அந்தப் பயம் அவள் உதட்டோரத்தில் தெரிகிறது, பாவம்தான். அம்மா அப்பா யாரும் கற்றுக்கொள்ளாத கைப்பேச்சைப் பத்து வயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் அக்காதான், பூங்கோதையின் புருவத்துத் தழும்பைத் தொட்டு அதையே அவளுக்குக் கைப்பேராக வைத்தவளும் அக்காதான். அவளா பேச்சைக் குறை என்கிறாள்? இந்தக் கைக்குள் ரெண்டு குடித்தனம் நடக்கிறது, ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. ஒன்றைக் காலி பண்ண வேண்டுமென்றால் எனக்குரியதையா?

பூங்கோதை எழுந்து இருவருக்கும் நடுவே போய் நின்றாள். கைப்பேச்சு வேண்டாம், இது எவருக்கும் புரியும். காற்றில் ஒரு சட்டத்தை இழுத்துக் கட்டினாள், அதன்மேல் குனிந்தாள், இடது கை சட்டத்துக்கு அடியிலிருந்து நூலைக் கொடுக்க, மேலே வலது கை மணிக்கட்டை மடக்கி பூவேலை செய்கிற ஆரி ஊசியைக் குத்தி, கொக்கியில் நூலை மாட்டி, இழுத்து, குத்தி, இழுத்து, குத்தினாள். அக்கா கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு நேரம்? பியூலா கேட்டாள். பூங்கோதை ஜன்னலின் கிழக்கு மூலையைக் காட்டி, வானத்தில் ஒரு பெரிய வளைவு போட்டு, மேற்கு மூலையில் இறக்கினாள். இப்போது பூங்கோதை அக்காவின் பக்கம் திரும்பி, மரத்த விரல்கள் மடங்கினவரைக்கும் மடங்கட்டும் என்று, நிதானமாகச் சொன்னாள். "இவங்ககிட்ட சொல்லு. ஊசியைக் கீழே வைக்கிறேன். பேச்சை வைக்க மாட்டேன்." அக்காவின் உதடுகள் அசைந்தன. அவளுக்குக் கொஞ்சம் சங்கடமுங், பாத்து மெதுவா. பூங்கோதை அக்காவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நான் சொன்னது அது இல்லை. நான் சொன்னதைச் சொல்லு." அக்காவின் கை, "தை மாசம் வருது" என்றது, இடுப்புக்குக் கீழே, அவசரமாக. "வரட்டும். நான் சொன்னதைச் சொல்லு." அக்கா தரையைப் பார்த்தாள். பூங்கோதை காத்திருந்தாள், காத்திருப்பது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை, வாழ்க்கையில் பாதி நேரம் மற்றவர்கள் பேசி முடிக்கக் காத்திருந்ததுதான், இன்றைக்கு ஒரு வித்தியாசம், அறை முழுக்க இவளுக்காகக் காத்திருந்தது. கடைசியில் அக்கா நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாக, ஊசியக் கீழ வெக்கறனுங், பேச்ச வெக்க மாட்டனுங், என்றாள். கண்ணாடியில் அந்த உதடுகளைப் பூங்கோதை கடைசிச் சொல் வரைக்கும் படித்தாள். பியூலா எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தாள், பூங்கோதையைப் பார்த்துத் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக் கேட்டாள், எந்தக் கையில பேசுவீங்க? ரெண்டிலும். அப்ப மொதல்ல இடது கையத் தாங்க, வலது பேசறதுக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் நிறுத்தம் நிரம்பி வழிந்தது, காலேஜ் விட்ட பிள்ளைகள், பூக்காரி, ஆட்டோக்காரர்கள். அக்கா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் வாசனையடிக்கிற முன்கையைத் தடவிக்கொண்டு பூங்கோதையும் நின்றாள், விரல்கள் இன்னும் மரத்துத்தான் இருந்தன, ஒரே நாளில் என்ன ஆகிவிடும், டாக்டர் என்ன சொல்வாரோ, கத்தி என்பாரோ, அதையும் பார்ப்போம். நான் என்ன கெட்டவளா, என்றது திடீரென்று அக்காவின் கை. சின்னதாக, கைப்பையின் மறைவில். தெருவில் அவள் எப்போதுமே அப்படித்தான், ஜனங்கள் பார்ப்பார்கள் என்று முந்தானைக்கு அடியில் இரண்டு விரலால் முணுமுணுப்பாள், ஒட்டிக் குனிந்துதான் படிக்க வேண்டும். பூங்கோதை குனியவில்லை. ஆளு முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டே. பூங்கோதை தோளைக் குலுக்கினாள். அக்காவுக்கு முகம் சிவந்தது. பையைத் தோளுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் ஆரம்பித்தாள், அந்தக் கல்யாணப் பொண்ணுங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், உனக்கு வாய் கொடுத்ததே நான்தானேடி, உனக்காக எத்தனை பேர்கிட்ட பேசியிருப்பேன், ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னியா? சொன்னேன், நீதான் பாக்கலை, என்றாள் பூங்கோதை. அக்காவின் கைகள் பெரிதாகிக்கொண்டே போயின, நெஞ்சைத் தாண்டி, தோளைத் தாண்டி, ஒரு காலேஜ் பையன் முகத்தில் இடிக்காமல் தப்பினான், பூக்காரி கட்டுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தாள், பஸ்ஸுக்குள் இருந்தவர்களெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. நாற்பது வயது தாண்டிய அக்கா, பட்டுப்புடவைக் கடை முதலாளிகளிடம் மெதுவாகப் பேசுகிற அக்கா, நடுரோட்டில் கையை வீசி வீசிக் கத்திக்கொண்டிருந்தாள், அவ்வளவு அழகான கைப்பேச்சு அவளுக்குள் இருப்பது இத்தனை வருஷம் தெரியவில்லையே என்று பூங்கோதைக்கு நெஞ்சு விம்மியது. அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. மூச்சு வாங்கி அக்கா கையைத் தொங்கவிட்டபோது பூங்கோதை ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டாள். மரத்த கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்து, பிறகு அகல விரித்துச் சொன்னாள்.

"கேக்கலை. இன்னும் சத்தமா."